நார்வே: காப்பி 450 ரூபாய், காடு இலவசம்! தெரியுமா?

ஆஸ்லோவில் ஒரு காப்பி குடித்தால் 50 குரோனர் போய்விடும். ஒரு குரோனர் நம் பணத்தில் எட்டு, ஒன்பது ரூபாய். பெருக்கிப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள், பக்கத்து மேசைக்காரர் குடிக்கும் பீரின் விலை அதைப்போல இரண்டு பங்கு! சுமாரான உணவகத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் இரண்டாயிரம் ரூபாய் பழுத்துவிடும். டாக்ஸியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மீட்டர் ஓடுவதைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கும்.

அப்பேர்ப்பட்ட நாட்டின் குடிவரவுத் துறை, விசா கேட்கும் சுற்றுலாப் பயணியிடம் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது, தெரியுமா? வழக்கமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 குரோனர். வெறும் பத்துக் காப்பிக் காசு! அதற்குள் ஒரு மனிதர் உண்டு, உறங்கி, ஊரும் சுற்றிவிடலாம் என்று அரசாங்கமே நம்புகிறது. (விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவை தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.)

முடியுமா? முடியும். அதற்கு நார்வேயின் விலைவாசி எப்படி வேலை செய்கிறது என்ற ஒரே ஒரு ரகசியம் தெரிந்தால் போதும். அங்கே விலை உயர்ந்த சரக்கு மனித உழைப்பு. இன்னொருவர் உங்களுக்காகச் சமைத்தால், படுக்கை விரித்தால், வண்டி ஓட்டினால் பர்ஸ் கிழியும். தன் கையே தனக்குதவி என்று இறங்கியவருக்கோ நாட்டின் பாதி இலவசம், மீதி பாதிவிலை. அதிலும் கூட்டம் வற்றிப்போன மாதங்களில் போனால் அந்தப் பாதிவிலையும் சரியும்.

எவை அந்த மாதங்கள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபியோர்டு எனப்படும் மலையிடைக் கடல் கால்வாய்களுக்குச் சீசன் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே ஈ காக்கை இல்லை. ஆனால் வடக்கே ட்ரோம்சோவுக்கு அதே கணக்கைப் போட்டால் போச்சு! துருவ ஒளி பார்க்க உலகமே அங்கே குவிவது குளிர்காலத்தில்தான். பிப்ரவரியில் ட்ரோம்சோ விடுதி விலையைப் பார்ப்பவர்கள் ஆஸ்லோவே மலிவு என்பார்கள். ஈஸ்டர் வாரத்தில் நார்வேக்காரர்கள் குடும்பத்தோடு மலைக்குப் போய்விடுவார்கள், அப்போது மலைக்குடிலில் இடம் கிடைப்பது கஷ்டம். இன்னொரு விசித்திரம், ஆஃப் சீசனில் நகர ஓட்டல்கள் பலவற்றில் வார நாளைவிட வாரக்கடைசி மலிவு! அலுவல் காரணமாகத் தங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவதால் அறைகள் காலி.

யாருடைய நிலமானாலும் படுக்கலாம்!

1957-ல் நார்வே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பயிரிடப்படாத நிலம் எங்கே இருந்தாலும், அது யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், எவரும் நடக்கலாம், பனிச்சறுக்கலாம், கூடாரம் அடித்துத் தூங்கலாம்! கட்டணம் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. "எவரும்" என்றால் நார்வே குடிமகன் மட்டும்தானோ என்று நினைக்காதீர்கள். நேற்று விமானம் இறங்கிய நீங்களும் சேர்த்திதான்.

நிபந்தனை சொற்பம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நில உரிமையாளரைக் கேட்க வேண்டும், ஆளரவமற்ற மலைப்பகுதியில் அதுவும் தேவையில்லை. வயலிலும் தோட்டத்திலும் கூடாரம் போடக் கூடாது. வந்த சுவடு தெரியாமல் கிளம்ப வேண்டும். காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். கடலில் தூண்டில் போட்டுச் சொந்தச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கலாம், அதற்கு உரிமம் தேவையில்லை. (ஆறும் ஏரியும் வேறு கதை, அங்கே சீட்டு வாங்க வேண்டும்.)

ஆஃப் சீசன் பயணிக்கு ஒரு கூடுதல் சலுகையும் உண்டு! காட்டிலும் காட்டையொட்டியும் தீ மூட்டுவதற்கு ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை தடை. அதாவது, கோடையில் வருகிறவருக்குக் கிடைக்காத குளிர்காயும் சுகம் அக்டோபரில் வருகிறவருக்குக் கிடைக்கும். அதற்காக ஜனவரியில் கூடாரம் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பனியில் கூடாரத்தில் தூங்குவது பழகியவர்களுக்கான வேலை. செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரங்களும் தென்பகுதித் தாழ்ந்த காடுகளில் போதுமான குளிர். நம் ஊர் உடம்புக்கு அதுவே சாகசம்தான்.

காவலாளி இல்லை, கல்லாப்பெட்டி இருக்கிறது!

கூடாரம் ஒத்துவராது என்றால் என்ன செய்வது? 1868-ல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம், டி.என்.டி. என்பார்கள், நாடு முழுக்க சுமார் 550 குடில்கள் வைத்திருக்கிறது. மலைமேல், காட்டு நடுவில், கடலோரப் பாறைமேல் என்று கண்ட இடத்திலெல்லாம் குடில்!

இவற்றில் மூன்று ரகம். முதல் ரகத்தில் ஆள் உண்டு, சமைத்துப் போடுவார்கள், ஆகவே விலையும் அதற்கேற்ப இருக்கும். மூன்றாவது ரகத்தில் படுக்கை, அடுப்பு, விறகு, பாத்திரம் மட்டும். நடுவில் இருக்கிறதே இரண்டாவது ரகம், அதுதான் அதிசயம். கதவைத் திறந்து உள்ளே போனால் ஆளே கிடையாது. ஆனால் சரக்கறை நிறையச் சாமான்! ஓட்ஸ், சூப் பொட்டலம், தகர டப்பாவில் மீன், மொறுமொறுவென்ற ரொட்டி, காப்பித்தூள், சர்க்கரை. வேண்டியதை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எடுத்ததை நீங்களே எழுதி, படுக்கைக்கும் சேர்த்து நீங்களே கூட்டிப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். முன்பு தாளில் எழுதி ஒரு பெட்டிக்குள் போடுவார்கள், இப்போது கைப்பேசிச் செயலியிலும் கட்டலாம். சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள். இப்படியே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது!

பூட்டிய குடில் பலவற்றுக்கும் பொதுவான சாவி ஒன்று உண்டு. சங்கத்தில் உறுப்பினராகி, முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டவரும் உறுப்பினராகலாம். உள்ளே போனதும் வேலை காத்திருக்கும். விறகு பிளக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், தண்ணீர் உறைந்திருந்தால் பனியை அள்ளி வந்து உருக்க வேண்டும். கழிப்பறை வெளியே இருக்கும், நள்ளிரவில் கதவைத் திறக்கும்போது மன உறுதி வேண்டும். கிளம்பும்முன் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவி, அடுத்து வருகிறவருக்காக விறகு எடுத்து வைப்பது முறை. மெல்லிய உறைத்துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதற்குள் நுழைந்துகொண்டுதான் கம்பளியில் படுக்க வேண்டும்.

தனியாகப் போகிறவர் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டல் அறையும் வாடகைக் காரும் இரண்டு பேர் பங்குபோட்டால்தான் கட்டுப்படியாகும், ஒற்றையாளுக்கு அவை தண்டம். மலைக்குடில், இளைஞர் விடுதி, ரயில், கப்பல், பேருந்து எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. தனியாள் என்பதற்காக ஒரு குரோனர்கூட அதிகம் கேட்பதில்லை! எனவே தலைக்கணக்கில் விற்கிற பண்டமாகப் பார்த்து வாங்குவதே தனிப்பயணியின் சாமர்த்தியம். குடில்களில் சில இலையுதிர்காலத்தோடு மூடிவிடும் என்பதால் சங்கத்தின் வலைத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் தடவை என்றால் நகரத்தை ஒட்டிய காட்டில் இருக்கும் குடிலே நல்லது.

ரயில் மட்டும் போகும் ஊர்

ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயில் ஏறினால் ஏழு மணி நேரத்துக்குள் காடு, ஏரி, பனிப்பாலைவனம், ஃபியோர்டு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வந்துபோகும். 1909-ல் திறந்த பாதை இது. நடுவே 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்று ஒரு நிலையம். பொதுச் சாலையே கிடையாது, காரில் போகவே முடியாது! 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாவது படத்தில் வரும் பனிக் கிரகம் நினைவிருக்கிறதா? 1979-ல் இங்கே உறைந்துபோய்ப் படம் எடுத்தார்கள்.

பயணத்துக்குப் பல வாரம் முன்பே, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து எடுத்தால் இந்தச் சீட்டு வழக்கமான விலையில் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. கடைசி நிமிடத்தில் நிலையத்தில் போய் நின்றால் முழு விலைதான். இரவு ரயிலில் படுக்கை வேண்டாம் உட்கார்ந்தே போகிறேன் என்றால் ஒரு நாள் விடுதி வாடகையும் மிச்சம்.

வடக்கே ட்ரான்ஹைமிலிருந்து புடோ வரை 729 கிலோமீட்டர் ஓடும் ரயில் சால்ட்ஃபிஎல் மலைமேல் ஆர்க்டிக் வட்டத்தையே தாண்டிப் போகிறது! புடோவில் இறங்கினால் உள்ளூர்ப் பேருந்து தூரத்தில் சால்ட்ஸ்ட்ராவ்மென். 150 மீட்டர் அகலமே உள்ள ஒரு கடலிடுக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 40 கோடி கன மீட்டர் தண்ணீர் அதன் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. உலகிலேயே வேகமான ஓத நீரோட்டங்களில் ஒன்று. ராட்சதச் சுழல்கள் காலடியில் வாய் பிளக்கும். வேடிக்கை பார்க்க நுழைவுக் கட்டணம்? பூஜ்யம். நேரம் மட்டும் பார்த்துப் போக வேண்டும், ஓதம் மாறும் வேளையில் போனால் அமைதியான குளம்போல் கிடக்கும், ஏமாந்துபோவீர்கள்.

கடலில் போக ஆசையா? 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல்காரர் தொடங்கிய கரையோரத் தபால் கப்பல் இன்றும் ஓடுகிறது. பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகம். போய்வர 12 நாள். (கிர்க்கெனெஸ் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்!) முழுப் பயணத்துக்கு விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் கரையோர மக்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்காக அரசு இந்தக் கப்பல்களுக்குப் பணம் கொடுக்கிறது. அதனால் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு, அறை எடுக்காமல், பேருந்தில் ஏறுவதுபோல் ஏறிக்கொள்ளலாம்! புடோவில் மதியம் ஏறினால் இரவு லோஃபோட்டன் தீவில் ஸ்வோல்வேர். அதே கடல், அதே மலை, அதே ஜன்னல். லட்ச ரூபாய் கொடுத்தவருக்கு மட்டும் தனிச் சூரியன் உதிப்பதில்லை. கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளில் பல, நடந்து ஏறுகிறவரிடம் காசே வாங்குவதில்லை என்பது இன்னொரு சங்கதி.

பயணிகளுக்கு ஆஃப் சீசன், மீனுக்கு சீசன்!

லோஃபோட்டனில் ஜூலை மாதம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாதி ஓட்டல் தூங்கும். ஆனால் தீவு தூங்குவதில்லை, உண்மையில் அப்போதுதான் விழித்திருக்கிறது! பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டம் முட்டையிட இங்கே வந்து சேரும் காலம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த வருகையை நம்பியே ஊர் பிழைக்கிறது. வெளியூர் மீனவர் தங்குவதற்கென்று 1120 வாக்கில் ஓய்ஸ்டைன் மன்னர் குடில்கள் கட்டச் செய்தாராம். அவற்றின் வாரிசுகளான, தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சிவப்புக் குடில்களில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். பொதுவாகக் கோடையைவிடக் குளிரில் விலை இறங்கும்.

பிப்ரவரி தொடங்கிவிட்டால் தீவெங்கும் மரச்சட்டங்களில் மீன் தொங்கும். உப்பும் இல்லை, புகையும் இல்லை, வெறும் காற்று! உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடும் வெப்பநிலைதான் மர்மம். கடும் குளிராக இருந்தால் மீன் உறைந்து சிதையும், வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவே, அட்லான்டிக் வெந்நீரோட்டத்தின் தயவால், மே மாதத்துக்குள் மீன் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்காகக் காய்ந்து கட்டையாகிறது. பல ஆண்டு கெடாது. உடல் இத்தாலிக்குப் போகும், தலை நைஜீரியாவுக்குப் போய்க் குழம்பாகும்.

அதைவிட ஆச்சரியம் நாக்கு. காட் மீனின் நாக்கை அறுத்தெடுக்கும் வேலை இங்கே வழிவழியாகக் குழந்தைகளுடையது! பள்ளி விட்டதும் நெகிழிக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, கூர்முனையில் மீன்தலையைக் குத்தி, சரக் சரக்கென்று அறுத்துத் தள்ளுவார்கள். விற்ற காசு அவர்களுக்கே. சீசன் முடியும்போது சில வாண்டுகளின் கணக்கில் இருக்கும் தொகை பெரியவர்களையே பொறாமைப்பட வைக்கும். ஜூலையில் வரும் பயணி இதில் எதையும் பார்க்கப்போவதில்லை, அவர் பார்ப்பது காலிச் சட்டங்களை.

மீன் என்றதும் ஒரு தமிழ்ச் சங்கதி. நார்வேக்கு வந்த முதல் தமிழர் என்று சொல்லப்படுகிறவர் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956-ல் வந்தார். பிறகு நார்வே நண்பர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காகச் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-களில் வந்த ஈழத்தமிழர் பலர் வட கோடியில், ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று வேலை பார்த்தார்கள். துருவ இருட்டில், மூன்று சட்டைக்கு மேல் நாலாவது சட்டை போட்டுக்கொண்டு! அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் கம்சாஜினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயரே ஆனார். ஆஸ்லோ கிரன்லாண்ட் பகுதியில் குடியேறிகளின் கடைகளில் பருப்பும் பச்சை மிளகாயும் மற்ற இடத்தைவிட மலிவாகக் கிடைக்கின்றன என்பது வயிற்றுக்கு உதவும் தகவல்.

வானத்து வாணவேடிக்கைக்குச் சீட்டு வேண்டாம்

துருவ ஒளியைக் காட்டுகிறேன் என்று வேனில் ஏற்றிப் போக ஆயிரம் குரோனருக்கு மேல் வாங்குவார்கள். வேன் செய்யும் வேலை இரண்டுதான், மேகமில்லாத இடத்தைத் தேடுவது, தெருவிளக்கிலிருந்து விலகுவது. முதலாவதற்கு நார்வே வானிலை நிலையமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் 2007 முதல் நடத்தும் 'ஈர்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. உலகத்தின் எந்த ஊருக்கும் மழை, மேகம் சொல்லும்! இரண்டாவதற்கு உங்கள் கால் இருக்கிறது. ட்ரோம்சோவில் ஊருக்கு மேலேயே பிரெஸ்ட்வான் ஏரிக்கு நடந்து போய்விடலாம். நகரத்தின் நடுவிலேயே இருட்டு!

இந்த ஒளியின் காரணத்தை மோப்பம் பிடித்தவரும் ஒரு நார்வேக்காரர்தான். கிறிஸ்டியன் பிர்க்கலான், 1899-ல் ஆல்டா நகருக்கு மேலே ஹால்டே மலையுச்சியில் ஆய்வுக்கூடம் கட்டி, உறைபனியில் குடியிருந்து அளந்தார். பிறகு வெற்றிடப் பெட்டிக்குள் காந்த உருண்டையைத் தொங்கவிட்டு எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, குட்டித் துருவ ஒளியையே செய்து காட்டினார்! சூரியனிலிருந்து மின்துகள்கள் வருகின்றன என்றபோது பலர் ஏற்கவில்லை. 1960-களில் செயற்கைக்கோள்கள் போய்ப் பார்த்துத்தான் அவர் பக்கம் நியாயம் இருந்தது தெரிந்தது. நார்வேயின் பழைய 200 குரோனர் நோட்டில் அவர் முகம் இருந்தது.

செப்டம்பர், அக்டோபரிலும் மார்ச்சிலும், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, இந்த ஒளி கூடுதலாகத் தோன்றும். ட்ரோம்சோவில் அக்டோபர் என்றால் கூட்டமும் இன்னும் வந்திருக்காது. கணக்கு சரியாக விழுகிறதா?

ஒளி என்றதும் இன்னோர் ஊர், ரியூக்கன். ஆஸ்லோவிலிருந்து சில மணி நேரப் பேருந்துத் தூரம். மலை மறைப்பதால் செப்டம்பர் கடைசியில் போகும் சூரியன் மார்ச் நடுவில்தான் திரும்பி வரும். கிட்டத்தட்ட ஆறு மாதம் நிழல்! 2013-ல் ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிர்மலையின் மேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நட்டார்கள். கணினி அவற்றைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க, ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டருக்கு வெயில் விழுகிறது. மக்கள் அதற்குள் வந்து நின்று முகத்தைக் காட்டுகிறார்கள்! நூறு வருடத்துக்கு முன்பே பேசப்பட்ட யோசனை இது. அன்றைக்குச் சாத்தியப்படாததால் 1928-ல் தொழிற்சாலைக்காரர்கள் ஊருக்குக் கயிற்று வண்டி ஒன்று கட்டிக்கொடுத்தார்கள். மேலே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வருவதற்காக! இந்தக் கண்ணாடி வெயிலைப் பார்க்கக் குளிரில்தான் போக வேண்டும். கோடையில் போனால் சாதாரண வெயில்தான் அடிக்கும்.

தலைநகரில் காசில்லாமல்

ஆஸ்லோவில் விகெலான் பூங்கா, 200-க்கும் மேற்பட்ட சிலைகள், பூட்டுவதே கிடையாது, நள்ளிரவிலும் போகலாம். ஒபெரா மாளிகையின் வெள்ளைக் கூரை தண்ணீருக்குள்ளிருந்து சரிவாக எழும்பும், அதன்மேல் ஏறி நடக்கலாம். எதிரே 2020-ல் திறந்த டைக்மன் நூலகம். மழைநாளில் ஒதுங்கவும், கைப்பேசிக்கு மின்னேற்றவும், மெத்தை நாற்காலியில் சாய்ந்து படிக்கவும் இதைவிட நல்ல இடம் இல்லை. அதன் மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதிலுள்ள புத்தகங்களை யாருமே படிக்க முடியாது! 2014 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர், மார்கரெட் அட்வுட் தொடங்கி, ஒரு கைப்பிரதியை இங்கே கொடுத்து வருகிறார். அச்சாகப் போவது 2114-ல். அச்சிடத் தேவையான காகிதத்துக்கு ஊருக்கு வெளியே காட்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். கேட்டி பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞரின் கைங்கரியம்.

பனி விழுந்துவிட்டால் மெட்ரோ ரயிலே ராட்டினம்! ஒன்றாம் எண் ரயிலில் கடைசி நிலையமான ஃப்ரோக்னர்செட்டெரென் வரை ஏறுங்கள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சறுக்குவண்டிப் பாதை, 255 மீட்டர் சரிவு, சர்ரென்று கீழே இன்னொரு மெட்ரோ நிலையத்தில் கொண்டுவந்து விடும். சீட்டின் நேரம் முடியும்வரை மறுபடி ரயில் ஏறி மறுபடி சறுக்கலாம். சறுக்குவண்டியை வாடகைக்கு எடுக்க மேலே இடம் உண்டு. 'பூவா' என்ற அமைப்பு நாடு முழுக்கக் கிளை வைத்து, பனிச்சறுக்குக் கட்டை முதல் சறுக்குவண்டி வரை காசில்லாமல் இரவல் தருகிறது. வழியில் கிளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். கம்பளிக் கோட்டுக்கு ஃப்ரெடெக்ஸ் என்னும் பழைய துணிக்கடை. சென்னையில் ஒருநாளும் போட முடியாத கனத்த கோட்டை ஊரிலிருந்தே வாங்கிச் சுமந்து போவானேன்?

சாப்பாட்டுக்கு ரேமா 1000, கிவி போன்ற மளிகைக் கடைகள், விடுதிச் சமையலறை. குழாய்த் தண்ணீர் அருமை, பாட்டில் தண்ணீர் வாங்குவது காசைக் கரியாக்குவது. மீந்த உணவைச் சொற்ப விலைக்கு விற்கும் 'டூ குட் டு கோ' செயலியும் கைகொடுக்கும். நார்வேக்காரர்களே, பெரிய அதிகாரிகள் உட்பட, மதியம் காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டைத்தான் பையிலிருந்து எடுக்கிறார்கள். துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் வைக்கத் தனிக் காகிதமே கடையில் விற்கிறது! ரொட்டிமேல் பழுப்புப் பாலாடைக்கட்டி. மோர்த்தெளிவைக் காய்ச்சிக் காய்ச்சி எடுப்பது, பால்கோவாவில் உப்புப் போட்டதுபோல் ஒரு ருசி. 2013 ஜனவரியில் 27 டன் பழுப்புப் பாலாடைக்கட்டி ஏற்றிய லாரி வடக்கே பிராட்லி சுரங்கச் சாலைக்குள் தீப்பிடித்து, ஐந்து நாள் அணையாமல் எரிந்தது! அவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும். குளிருக்கு ஏற்ற எரிபொருள்தானே?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உஷார். பெரிய கடைகளைத் திறக்கச் சட்டம் விடாது. 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடைக்கு விலக்கு. அதனால் சில பெரிய கடைகள் ஞாயிறன்று உள்ளே தட்டி போட்டு மறைத்து, குட்டிக் கடையாகிக் கதவைத் திறக்கின்றன! சாமான் குறைவு, விலை கூடுதல். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

எதற்குப் போகக் கூடாது

ட்ரோல்ஸ்டீகென் வளைவுச் சாலை குளிரில் மூடிவிடும். ஆல்டாவின் பாறை ஓவியங்களைப் பனி மூடிவிடும். ட்ரோல்துங்கா பாறைக்குக் குளிரில் வழிகாட்டி இல்லாமல் போவது அறிவீனம். வட முனை எனப்படும் நோர்டுகாப்புக்குக் குளிர்காலத்தில் பனியள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டித்தான், குறித்த நேரத்தில், கடைசித் தூரத்தைக் கடக்க முடியும். அந்தக் காட்சி அபாரம்தான். ஆனால் அங்கிருக்கும் மண்டபத்துக்குள் போக நுழைவுக் கட்டணம் வேறு. என்னைக் கேட்டால் வேண்டாம். ஏனென்றால் நோர்டுகாப் வட முனையே இல்லை! பக்கத்தில் க்னிவ்ஷெல்லோடன் என்ற முனை ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடையாது, கோடையில் நடந்தே போகலாம். போதாக்குறைக்கு இரண்டும் இருப்பது ஒரு தீவில்.

தனியாகப் போகிறவர் மலைப்பக்கம் திரும்பும்முன் இரண்டு வேலை செய்ய வேண்டும். பனிச்சரிவு எச்சரிக்கையை 'வார்சோம்' தளத்தில் பார்ப்பது ஒன்று. எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போவது இன்னொன்று. நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு. பாதி வழியில் திரும்பிவருவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் எட்டாவது. ட்ரோம்சோவில் கயிற்று வண்டிக்குக் காசு கொடுக்காமல் மேலே ஏற நேபாள ஷெர்பாக்கள் சுமார் 1,200 கல்படிகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். எவரெஸ்ட் நாட்டுக்காரர்கள் ஆர்க்டிக்கில் படி கட்டுகிறார்கள்! அதிலும் பனி உறைந்திருந்தால் காலணிக்கு முள்பட்டை மாட்டாமல் ஏறாதீர்கள்.

கிளம்பும் நாளில் காலி பாட்டில்களை எறிந்துவிடாதீர்கள். சின்னதற்கு 2 குரோனர், பெரியதற்கு 3 குரோனர் வாங்கும்போதே உங்களிடம் வசூலித்திருக்கிறார்கள். மளிகைக் கடை வாசலில் இருக்கும் இயந்திரத்துக்குள் போட்டால் திருப்பித் தரும். அதே இயந்திரம் இன்னொன்றும் கேட்கும். காசாக வேண்டுமா, செஞ்சிலுவைச் சங்கத்துக்கான லாட்டரியில் போடட்டுமா? அதில் உச்சப் பரிசு பத்து லட்சம் குரோனர்! விழுந்தால் அடுத்த தடவை ஜூலையிலேயே, கேபின் எடுத்து, கப்பலில் முழுத் தூரமும் போய்வரலாம்.